விசிலின் தொண்டை

அக்காவுக்கு வாய் நீளம். அந்தப் பந்தயக் குதிரை லாயத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தீவனம் இறக்க வருகிற லாரிக்காரரிலிருந்து, காரை விட்டு இறங்காமலே தன் குதிரையைப் பார்த்துவிட்டுப் போகிற முதலாளி வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் குறைவு. வயதில் அவளைவிட மூத்தவரான கேட் காவலாளிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பயம் பாதி, மரியாதை பாதி. அப்படிப்பட்டவள், உண்மைக்காக வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஒரு காலையில் பொய்க்காகத் திறந்தாள். பிறகு உண்மைக்காகத் திறந்தபோது யாரும் நம்பவில்லை. நடந்தது இவ்வளவுதான் என்று முடித்துக்கொள்ளலாம், ஆனால் மனசு ஆறாது.

அவள் அங்கே வேலைக்கு வந்தது கூட்டிப் பெருக்குவதற்கு. அம்மா போய்ச் சேர்ந்த வருஷம் அது. அப்பா அதற்கு முன்பே வேறு குடித்தனம் பார்த்துக்கொண்டு போயிருந்தார். மிச்சம் இருந்தது, பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போகாத ஒரு தம்பியும், டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளும். விளக்குமாறும் கையுமாக நின்றவளின் முழங்கையை ஒரு குதிரை நக்கிப் பார்த்தது. வியர்வையில் உப்பு கரித்திருக்கும். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ஏய், கேட்டுட்டு நக்கணும்" என்று அதன் மூக்கில் ஒரு தட்டு தட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த டிரெய்னர், கொஞ்ச நாளிலேயே விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு குதிரை தேய்க்கிற பிரஷைக் கொடுத்துவிட்டார்.

தம்பியையும் அவள்தான் அங்கே இழுத்து வந்தாள். பூஞ்சை உடம்பு, பயம் என்ற சாமான் பிறவியிலேயே கிடையாது, ஜாக்கி ஆகிவிட்டான். சில பந்தயங்கள் ஜெயிக்கவும் செய்தான். அப்புறம் எலும்பு கனத்தது. பட்டினி கிடந்தான், வேகாத வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடினான். எடை இறங்குவேனா என்றது. பந்தய நாளில் அவனை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். காலைப் பயிற்சிக்கு மட்டும் சவாரி. அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. தரையில் நடக்கும்போது நிலைப்படியில் இடித்துக்கொள்வான், டம்ளரைத் தட்டி ஊற்றுவான், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போவான். சேணத்தில் ஏறிவிட்டால் ஆளே வேறு. "எனக்கு ரெண்டு கால் பத்தாதுக்கா, ஆறு வேணும்" என்பான்.

அக்காவின் பொறுப்பில் இருந்தது ஒரு பெண் குதிரை. கொட்டடிப் பலகையில் அதற்கு நீளமாக ஏதோ பெயர் எழுதியிருந்தார்கள். அதை யாரும் சொன்னதில்லை. விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் சத்தமே கிடையாது. நாலுகால் பாய்ச்சலில் விரட்டிக்கொண்டு போனால், கடைசி வளைவு திரும்பும்போது ஆரம்பிக்கும்: ஒவ்வொரு மூச்சு உள்ளே இழுக்கும்போதும் ஒரு கீச்சு. முதலில் மெல்லிசாக, பிறகு வேலியோரம் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அதோடு வேகமும் போய்விடும். அதுவரை முன்னால் போனவள், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, கடைசி ஆளாக வந்து சேருவாள். வந்ததும் அக்காவின் முழங்கையைத் தேடுவாள். தோற்றுவிட்டோம் என்பது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தொடர்ந்து தோற்கிற குதிரையை யாரும் சும்மா வைத்துக் கஞ்சி ஊற்ற மாட்டார்கள்.

கால்நடை டாக்டரம்மா வந்து, விசிலை நிறுத்தி வைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. குரல்வளையின் இரண்டு பக்கமும் சமமாகத் திறந்து மூடின.

"நிக்கற குதிரைக்கு எல்லாத் தொண்டையும் நல்ல தொண்டைதான்" என்றாள் டாக்டரம்மா, குழாயைத் துடைத்தபடி. "ஓடறப்ப மூச்சை அவ்ளோ வேகமா இழுக்குது பாருங்க, அப்பத்தான் உள்ள எது தளர்ந்திருக்கோ அது மடங்கி அடைக்கும். ஓட விட்டுத்தான் பார்க்கணும்."

அதற்கென்று ஒரு கருவி இருந்தது. விரல் தடிமனில் ஒரு கேமராக் குழாய். மூக்கு வழியாக விட்டு, கடிவாளத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். சேணத்துக்கு அடியில் ஒரு பை. குதிரை ஓட ஓட, தொண்டைக்குள் நடப்பது டாக்டரம்மாவின் கையிலிருக்கிற திரையில் தெரியும். இதயத் துடிப்பும் ஓரத்தில் எண்ணாக ஓடும். சவாரிக்காரர் காதில் ஒரு இயர்போன், வாயருகே ஒரு மைக், டாக்டரம்மா கையில் ஒரு வாக்கிடாக்கி.

கேட்டதும் அக்காவுக்குச் செம்பட்டைக் குதிரையின் ஞாபகம் வந்தது. பக்கத்துக் கொட்டடியில் இருந்த அதற்கும் இதே குழாயைத்தான் விட்டார்கள். குரல்வளையில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. கத்தி வைத்தார்கள், சரிவரவில்லை. ஒருநாள் மத்தியானம் லாரி வந்தது. அந்த லாரி எங்கே போகிறது என்று லாயத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் யாரும் சொல்வதில்லை. செம்பட்டையின் கொட்டடியைக் கழுவிவிட்டது அக்காதான். ஆக, அவள் கணக்கில் குழாய் வந்தால் பின்னாலேயே லாரி வரும். போதாக்குறைக்கு டிரெய்னர் போனில் பேசியது வேறு காதில் விழுந்துவிட்டது. "தொண்டையில கோளாறுன்னா பெரிய தலைவலிங்க முதலாளி" என்றார் அவர். அதற்கு மேல் கேட்க அவள் நிற்கவில்லை. நின்றிருக்கலாம்.

அன்று சாயங்காலம் தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீதானே ஏறுற?"

"நான்தான். வேற யாரு?"

"கடிவாள வாரை விட்டுப் பிடி. தலையை நீட்டிக்கட்டும். ரொம்ப விரட்டாத."

அவன் கை அப்படியே நின்றது. "அக்கா, விரட்டினாத்தானே தொண்டை அடைக்குதான்னு தெரியும்? வாரை இழுத்துப் பிடிச்சு, தலையை மடக்கி, பந்தயத்துல போற மாதிரி போகச் சொல்லியிருக்காங்க. பக்கத்துல இன்னொரு குதிரை வேற."

"தெரிஞ்சு என்னடா ஆகப்போகுது? செம்பட்டைக்குத் தெரிஞ்சுதே, என்ன ஆச்சு?"

"டாக்டரம்மா கண்டுபிடிச்சிடும்க்கா."

"அதுக்குத் திரையில பார்க்கத் தெரியும். உன் கை என்ன பண்ணுதுன்னு தெரியுமா? விடுடா. எனக்காக விடு."

அவளுக்காக அவன் எதைத்தான் செய்யவில்லை? மறுநாள் காலை விசில் ஓடியது, கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவள்போல நிதானமாக. தலை நீண்டிருந்தது. வார் தொளதொளவென்று தொங்கியது. தூரத்திலிருந்து பார்க்கிற டிரெய்னருக்கு அது தெரியவில்லை; அவர் கண் எப்போதும்போல ஸ்டாப்வாட்ச்சில் இருந்தது. நேரம் அதிகமாகத்தான் காட்டியது. ஆனால் விசில் மெதுவாக வருவதுதான் வழக்கமான புகார் ஆயிற்றே, அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட ஓடின குதிரைக்காரன் முன்னால் போய்விட்டான். திரும்பிப் பார்க்க அவனுக்கு என்ன வேலை?

திரையில் தொண்டை அகலமாகத் திறந்திருந்தது. சுத்தமோ சுத்தம்.

டாக்டரம்மா மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். "துடிப்பு ஏறவே இல்லையே. சத்தம் வந்துச்சா?"

"இன்னிக்கு வரலை மேடம்" என்றான் தம்பி. அது உண்மைதான்.

"அப்ப இன்னொரு தடவை விட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் நல்லா விரட்டுங்க."

"முன்னங்கால் சூடா இருக்கு" என்றாள் அக்கா பட்டென்று. குனிந்து காலைத் தடவிக்கூடக் காட்டினாள். "இன்னொரு ஓட்டம் ஓடினா கால் போயிடும்." அந்தக் கால் அவள் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. பொய் சொல்லும்போது அவளுக்கு நாக்கு குளறும் என்று தம்பி நினைத்திருந்தான். குளறவில்லை.

காலில் சூடு என்றால் எந்த டிரெய்னரும் குதிரையை ஓடவிட மாட்டார். டாக்டரம்மா கருவியைக் கழற்றினாள். "இன்னிக்கு ஓடின ஓட்டத்துக்கு இது சுத்தம். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்" என்றாள். டிரெய்னர் முதலாளிக்குப் போன் போட்டபோது, அதில் ஒரு வார்த்தை மட்டும்தான் போய்ச் சேர்ந்தது: சுத்தம்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மத்தியானம் விசிலுக்குக் கேரட்டை நறுக்கிப் போட்டுக்கொண்டே, டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கியதை நடித்துக் காட்டித் தம்பியைச் சிரிக்க வைத்தாள். அவன் சிரித்தான், முழுசாகச் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் டிரெய்னர் கொட்டடி வாசலில் வந்து நின்றார். ஸ்டாப்வாட்ச்சைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் அப்படிச் செய்வார்.

"அக்கா, மனசைத் தேத்திக்கோ. விசிலை அனுப்பிடச் சொல்லிட்டாரு முதலாளி. திங்கக்கிழமை வண்டி வருது."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எதுக்கு? அதான் தொண்டை சுத்தம்னு சொல்லிட்டாங்களே!"

"அதனாலதான்" என்றார் அவர். "கோளாறுன்னு ஒண்ணு இருந்தா வைத்தியம் பார்க்கலாம்னு இருந்தாரு. தலைவலிதான், ஆனா செலவு பண்றேன்னுதான் சொன்னாரு. தொண்டை நல்லாயிருக்கு, அந்தக் கீச்சு வெறும் சத்தந்தான், காலு சூடும் மறுநாளே இறங்கிடுச்சு, நெஞ்சு நல்லாயிருக்கு, இருந்தும் ஓட மாட்டேங்குதுன்னா? சோம்பேறிக் குதிரைக்கு என்ன வைத்தியம் பண்ண?"

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்று பேச்சுக்குச் சொல்வோம். அக்கா அதைக் கண்ணால் பார்த்தாள். விசிலின் தலையில் போட்டிருந்தாள், அவள் கையாலேயே. கொட்டடிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "சார், அது பொய்" என்றாள்.

"எது?"

"அன்னிக்கு ஓடினது. நான்தான் விட்டுப் பிடிக்கச் சொன்னேன். காலு சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. சார், இன்னொரு தடவை..."

டிரெய்னர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பாவப்பட்டார். "தெரியும் அக்கா" என்று அவள் தோளைத் தட்டினார். "உன் இடத்துல நான் இருந்தா நானும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவேன். படம் பொய் சொல்லாது."

படம் பொய் சொல்லாது என்று சொல்கிறவர்களைப் பிடித்து உட்கார வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். படம் காட்டியதைத்தான் காட்டும். காட்டாததற்கு அது என்ன செய்யும்? அக்காவுக்கு அந்தக் கேள்விகள் அப்போது தோன்றவில்லை. தம்பியைக் கூட்டிவந்து நிறுத்தினாள். அவனும் சொன்னான். அக்காவும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை, பேசிவைத்துக்கொண்டுதான் செய்தார்கள், வேறொரு நாளில். காவலாளியிடம் சொன்னாள், தீவன லாரிக்காரரிடம்கூடச் சொன்னாள். வாழ்நாள் பூராவும் எல்லோரையும் அதட்டி வாய் ஜெயித்தவளுக்கு, உண்மையைச் சொல்லி ஒரே ஒரு ஆளை நம்ப வைக்க முடியவில்லை.

விசில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குதிரைக்குத் திங்கட்கிழமை என்றால் என்ன தெரியும்? அவள் மெல்லுகிற சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் அக்கா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வெளியே போனாள். வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறந்தாள். தம்பி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் செய்த தப்பு, அவள் சொன்னதைக் கேட்டதுதான். அதற்காகவே அவன்மேல் எரிந்து விழுந்தாள். "நான் சொன்னா உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று கத்திவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்து அழுதாள்.

கடைசியில் அவள் போய் நின்றது டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில். பூனைக்கூடைகளோடும் நாய்ச் சங்கிலிகளோடும் சனம் காத்திருந்த வராந்தாவைத் தாண்டி, கூப்பிடாமலே உள்ளே நுழைந்துவிட்டாள். டாக்டரம்மா ஒரு நாயின் காதைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

டாக்டரம்மா காதைக் கழுவி முடித்தாள். நாயை அனுப்பினாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"உங்களுக்கு என்ன நெனப்பு? நான் என்ன குறி சொல்றவளா? நீங்க காட்டுறதைத்தானே நான் பார்க்க முடியும்? துடிப்பு ஏறலையேன்னு எனக்கு அன்னிக்கே உறுத்துச்சு. காலு சூடுன்னு நீங்க சொன்னீங்க, நம்பினேன். எத்தனை வருஷமா குதிரை பார்க்கறவங்க, பொய் சொல்ல மாட்டாங்கன்னு நம்பினேன்!"

"திட்டுங்க மேடம். நல்லா திட்டுங்க. ஆனா திங்கக்கிழமை வண்டி வருது."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு வேலையை ஒழுங்கா முடிக்காம விட்டது நானும்தான்" என்று போனை எடுத்தாள்.

அவள் டிரெய்னரிடம் என்ன பேசினாளோ, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ஒரு ஓட்டத்துக்கு அவர் ஒப்புக்கொண்டார். முதலாளிக்குச் சொல்லவில்லை. "இதுலயும் ஒண்ணும் தெரியலைன்னா என்கிட்ட யாரும் வாயைத் திறக்கக்கூடாது" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

ஓடுபாதை ஈரமாக இருந்தது. கருவியைக் கட்டினார்கள். தம்பி ஏறும் முன் டாக்டரம்மா அவனிடம் தெளிவாகச் சொன்னாள். "தொண்டை முழுசா அடைச்சா குதிரைக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டின குதிரை என்ன பண்ணும்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்களுக்குச் சரியில்லைன்னு பட்டா உடனே வாரைத் தளர்த்தி விட்டுடுங்க. யாரையும் கேட்க வேண்டாம்."

அவன் தலையாட்டினான். அக்கா விசிலின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவன் கண்ணடித்ததைப் பார்த்திருப்பாள்.

குதிரைகள் இரண்டும் சேர்ந்து கிளம்பின. அக்கா டாக்டரம்மாவின் தோளை ஒட்டி நின்று திரையைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாகத் தொண்டை. கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறந்து நின்றது. துடிப்பு எண் ஏறிக்கொண்டே போனது. முதல் வளைவு, சுத்தம். நேர்பாதை, சுத்தம். எதிர்ப்பக்கம், அப்போதும் சுத்தம். பின்னால் டிரெய்னர் பெருமூச்சு விட்டு, "பார்த்தாச்சு" என்று முணுமுணுத்தார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. காற்றிரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல். "மூச்சு மாறுது மேடம். கால் தடுமாறுறா. பிடிக்கணுமா, விட்டுடவா?"

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

"பிடிடா!" என்று அலறினாள். "இழுத்துப் பிடி! விட்டுடாத!"

பிடித்தான். அவளுக்காக அவன் எதைத்தான் செய்யவில்லை?

திரையில் தெரிந்தது. கதவுகளின் ஓரத்திலிருந்து தோல் மடிப்பு ஒன்று, காற்றடித்த திரைச்சீலைபோல உள்ளே விழுந்தது. அடுத்த மூச்சுக்கு இன்னொரு பக்க மடிப்பும் விழுந்தது. விழுந்து, ஒட்டி, வழியை அடைத்தது. கடைசி வளைவிலிருந்து அந்தக் கீச்சு வேலி வரைக்கும் வந்தது. "அதோ! தெரியுது! மேடம், தெரியுது பாருங்க!" என்று அக்கா டாக்டரம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "சார், வந்து பாருங்க சார்! சோம்பேறின்னீங்களே!" மடிப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, இடைவெளியே இல்லாமல் மூடின. அடுத்த கணம் திரை ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு எல்லாம் விலகி, தொண்டை பளிச்சென்று அகலத் திறந்தது. மூச்சு சீராக வந்தது, போனது. இளஞ்சிவப்பாக, அழகாக, ஆயுசில் பார்த்திராத அழகாக இருந்தது அது. அக்கா சிரித்தாள். கண்ணீர் வழிய வழிய அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டிரெய்னர் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள்.

விசில் பாதை நடுவே தனியாக நின்றுகொண்டிருந்தாள், தலையைத் தூக்கி, விலா புடைக்க மூச்சு வாங்கியபடி. சேணம் காலியாக இருந்தது. மூச்சு அடைத்ததும், பாய்ச்சலில் வந்தவள் நட்டுவைத்த மாதிரி நின்று தலையை உதறியிருக்கிறாள். தம்பி அவள் கழுத்தைத் தாண்டிப் பறந்து வேலிக் கம்பத்தில் விழுந்திருந்தான். அக்கா செருப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஈரமண்ணில் ஓடினாள். அவன் மல்லாந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே ஒரு கால், கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை. கண் திறந்திருந்தது.

"தெரிஞ்சுதா?" என்றான்.

அவள் அவன் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தாள். டாக்டரம்மாதான் மண்டியிட்டு, "தெரிஞ்சுது. நல்லா தெரிஞ்சுது. பேசாதீங்க" என்றாள்.

அப்புறம் நடந்தது எல்லாம் நல்லபடியாகவே நடந்தது, விசிலுக்கு. திங்கட்கிழமை வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கதவு ஓரத்து மடிப்பு என்பது சின்ன வேலையாம். டாக்டரம்மாவின் தோழி ஒருத்தி வந்து, குதிரையை நிற்க வைத்தே மயக்கம் கொடுத்து, லேசரால் அந்தத் தோலைக் கத்தரித்து எடுத்துவிட்டாள். முதல் தடவையே பார்த்திருந்தால் அப்போதே செய்திருக்கலாம். இதை யாரும் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அன்றைக்கு வாரை இழுத்துப் பிடித்திருந்தால், களைப்பில்லாத குதிரை, காய்ந்த பாதை, அவசரமில்லாத டாக்டரம்மா. அடைக்க ஆரம்பித்ததுமே போதும் என்றிருப்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி கண்விழிக்கக் காத்திருந்தபோது அவள் இதைத்தான் திருப்பித் திருப்பி நினைத்தாள். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

இடுப்பு எலும்பைக் கம்பி வைத்து ஒட்டினார்கள். நடக்கலாம், கம்பு ஊன்றி. சவாரி என்ற பேச்சே இல்லை என்று டாக்டர் சொன்னபோது, தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை, அன்றும் பார்க்கவிடவில்லை.

மழைக்காலம் போன பிறகு ஒரு காலை, அவன் கேட்டதால் அவனை ஆட்டோவில் வைத்து லாயத்துக்குக் கூட்டிவந்தாள். வேலியோரம் காவலாளி நாற்காலி போட்டுக் கொடுத்தார். தம்பி உட்காரவில்லை. கம்பை ஊன்றி நின்றான். "ஆறு கேட்டேன், மூணு கிடைச்சிருக்கு" என்றான் காவலாளியிடம். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தார்.

யாரோ ஒரு புதுப் பையன் விசிலை ஓட்டிக்கொண்டு வந்தான். கடைசி வளைவு திரும்பினாள். வாரை இழுத்துப் பிடித்திருந்தான், தலை மடங்கியிருந்தது. குளம்படிச் சத்தம் மட்டும் கேட்டது. கீச்சு இல்லை. கூட வந்த குதிரையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு அவள் அவர்களைத் தாண்டிப் போனாள். தூரத்தில் டிரெய்னர் ஸ்டாப்வாட்ச்சை இரண்டு தடவை பார்த்தார்.

"சத்தமே இல்லக்கா" என்றான் தம்பி.

"இல்லடா."

அவன் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணு கேட்கவா? அன்னிக்குப் பிடின்னு கத்துனியே. அப்ப என்னை நெனச்சியா?"

அவளிடம் பதில் தயாராக இருந்தது. எத்தனையோ நாளாக, கேட்பான் கேட்பான் என்று எதிர்பார்த்து, தயார் செய்து வைத்திருந்த பதில். உன்னால முடியும்னு நம்பித்தாண்டா சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அவன் முகம் மலரும். நாக்கு குளறாது, அது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். விசில் மூச்சு ஆற நடந்து வந்துகொண்டிருந்தாள், காதை முன்னால் விட்டு, அக்கா எங்கே என்று தேடியபடி.

"இல்லடா" என்றாள். "அவளை மட்டும்தான் நெனச்சேன்."

தம்பி தலையாட்டினான். "தெரியும்" என்றான். "நீ வேற எதாவது சொல்லிடுவியோன்னுதான் பயமா இருந்துச்சு."

விசில் வேலிக்கு மேலே தலையை நீட்டி அக்காவின் முழங்கையை நக்கினாள். அக்கா கையை இழுத்துக்கொண்டாள். தம்பி கம்பை மாற்றிப் பிடித்து, தன் கையை நீட்டினான்.